தெத்துப்பல்

திங்கட்கிழமை காலைப் பலகாரத்துக்கு முன்பே டாக்டர் சுகிர்தா எண்பத்து நான்கு பற்களைப் பிடுங்கி முடித்திருந்தாள். மூன்று பேருடைய பற்கள். மூவருக்கும் ஒரு சொத்தை கூடக் கிடையாது. இன்னும் ஐம்பது வருடம் முறுக்குக் கடிக்கத் தக்க வெள்ளைப் பற்கள் தட்டில் குவிந்து கிடந்தன. அவற்றின் சொந்தக்காரர்கள் சாய்நாற்காலிகளில் வாய் மரத்துப் போய்ப் படுத்திருந்தார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அச்சுலை முனகிக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் ஆளுக்கு இருபத்தெட்டு புதுப் பற்கள் அதிலிருந்து வெந்து வரும். சாயங்காலம் பொருத்திவிடலாம். மறுநாள் முழுக்கக் கஞ்சி. அதற்கு அடுத்த நாள் அவர்கள் செவ்வாய்க்குக் கப்பலேறலாம்.

இது வெண்சரிவில் நடக்கிற அன்றாடக் காரியம். நிலாவின் தென்கோடியில் இருக்கும் அந்தக் குடியிருப்பில் நாலாயிரம் பேர் வசிக்கிறார்கள். செவ்வாய்க்குப் போகிற ஒவ்வொரு கப்பலும் அங்கே மூன்று நாள் நின்று செல்லும். பயணிகள் தண்ணீரும் எரிபொருளும் ஏற்றிக்கொள்வதைப் போலவே பல்லையும் மாற்றிக்கொள்வார்கள்.

காரணம், மூன்றாம் பயணம். அதில் போன வழிகாட்டிக்குப் பல்லிடுக்கில் ஏதோ சிக்கியிருக்கிறது. நாலாம் மாதம் ஈறு வீங்கியது, பிறகு தாடை, பிறகு சீழ் இரத்தத்தில் கலந்துவிட்டது. கப்பலில் இருந்த பதினேழு பேருக்கு அணு உலையைப் பிரித்து மாட்டத் தெரியும். ஒரு பல்லைப் பிடுங்க யாருக்கும் தெரியவில்லை. அவர் உடலை விண்வெளியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது: இயற்கைப் பல்லோடு எவரும் நிலாவைத் தாண்டக் கூடாது.

அச்சுலை கெட்டிக்கார இயந்திரம். வாயின் அளவுப்படமான வாய்வரைவு எடுத்துக் கொடுத்தால், வலைப்பின்னலாக வேர்க்கூடுகளை அச்சடித்து, அதற்குள் அந்த ஆளின் சொந்த உயிரணுக்களையே ஊற்றிவிடும். தாடை எலும்பு அதைத் தன் பிள்ளை என்று நம்பி அணைத்துக்கொள்ளும். மேலே பல் மட்டும் பீங்கான். அது சொத்தையாகாது, கூசாது, ஆடாது. ஆனால் ஏழே அளவுகள்தான். ஒன்றிலிருந்து ஏழு வரை, ஏழுமே சீரான, நேரான வரிசைகள். செவ்வாயில் மாற்றுப் பற்கள் இந்த ஏழு அளவில் மட்டுமே இருப்பில் இருக்கும் என்பதால் விருப்பம்போல் வளைக்கவோ இடைவெளி விடவோ அனுமதியில்லை.

பிடுங்கிய பற்களைப் பொடித்துக் கீரைத்தொட்டிகளில் போடுவார்கள். நிலா மண்ணில் பாஸ்பரஸ் என்னும் மணிச்சத்து குறைவு. "செவ்வாய்க்காரன் பல்லுதான் நமக்கு முருங்கைக்கீரை" என்று அச்சுலையைக் கவனித்துக்கொள்ளும் திருமேனி புதிதாக வந்தவர்களிடம் சொல்லி அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்த்துச் சிரிப்பார். ஐம்பத்தைந்து வயது. சுகிர்தாவோடு பதினாறு வருடமாக வேலை பார்க்கிறார்.

அன்று சிரிக்காமல் வந்தார். அடுத்த கப்பலின் பட்டியலை மேசைமேல் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். ஒன்பது பேர். ஆறாவது பெயர்: ரெனிஷா ஜெயசிங், வயது இருபத்தாறு, நீர்ப் பொறியாளர்.

சுகிர்தாவுக்குத் தெரிந்த செய்திதான். மூன்று மாதத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மகளே திரையில் சொன்னாள். ஆனால் மற்ற எட்டுப் பெயர்களுக்கு நடுவில், "முழுப் பல் அகற்றல்" என்ற கட்டத்தில் குறியிடப்பட்டிருந்த அந்தப் பெயரைப் பார்த்ததும் அவள் பட்டியலைக் கவிழ்த்து வைத்தாள்.

இருபத்தொரு வருடம். ரெனிஷாவுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது மூன்று வருட ஒப்பந்தத்தில் சுகிர்தா இங்கே வந்தாள். நாகர்கோவிலில் வாடகை வீடு, கணவன் ஜெயசிங்குக்குக் கல்லூரியில் வேலை. மூன்று வருடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் மகளுக்கு எதற்கும் குறைவிருக்காது என்று இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு. இரண்டாவது வருட முடிவில் எலும்புப் பரிசோதனையில் தெரிந்தது. ஆயிரத்தில் ஒருவருக்கு நிலாவின் குறைந்த எடை ஒத்துக்கொள்ளாது, எலும்பு நூலாம்படைபோல ஆகிவிடும். அந்த ஆயிரத்தில் ஒருத்தி அவள். இங்கே நடமாடலாம், வேலை செய்யலாம், நெடுநாள் வாழலாம். பூமியில் காலை வைத்தால் தன் எடையே அவளை முறித்துவிடும்.

ஜெயசிங் ஐந்து வருடம் காத்திருந்தான். பிறகு அவளிடமே கேட்டுவிட்டு மறுமணம் செய்துகொண்டான். அவன்மேல் அவளுக்கு வருத்தம் கிடையாது. வந்தவள் ரெனிஷாவை நன்றாகவே வளர்த்தாள். பூமியிலிருந்து நிலாவுக்குச் சும்மா பார்த்துவிட்டுப் போக வருகிறவர்களுக்குக் கப்பல்களில் இடமும் கிடையாது. மிச்சமிருந்தது ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே இரண்டரை விநாடி.

அந்த இரண்டரை விநாடிகளில் சுகிர்தா பார்த்தது மகளின் வாயைத்தான். பல் மருத்துவருக்கு வேறு எங்கே கண் போகும். ஏழு வயதில் முன்பல் விழுந்த ஓட்டையைப் பார்த்தாள். புதுப்பல் முளைத்ததைப் பார்த்தாள். அவள் உண்மையில் காத்திருந்தது பதினோரு வயதுக்கு. அப்போதுதான் மேல்வரிசையின் இடப்பக்கக் கோரைப்பல் வரும். சுகிர்தாவுக்கு அது நெரிசலில் இடம் கிடைக்காமல் பக்கத்துப் பல்லின் தோளில் ஏறி நிற்கும் தெத்துப்பல். அவள் தாய்க்கும் அப்படித்தான். சிரித்தால் முதலில் அதுதான் எட்டிப் பார்க்கும். தாடை அமைப்பைப் பார்த்தே ரெனிஷாவுக்கும் அப்படித்தான் வரும் என்று அவளுக்குத் தெரியும். தொட முடியாத பிள்ளையின் வாயில் தன்னுடைய ஒன்று முளைக்கப்போகிறது என்ற நினைப்பிலேயே இரண்டு வருடம் ஓட்டினாள்.

பல் வந்தது. திரையில் அது நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது.

ஜெயசிங் நேராக்கிவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள். பூமியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்வதுதானே. கேட்க வாயெடுத்தாள், கேட்கவில்லை. பிள்ளையை வளர்க்காதவள் பிள்ளையின் பல்லைப் பற்றி என்ன உரிமையில் கேட்பது. அந்த ஆற்றாமை நாலு வருடம் உள்ளேயே கிடந்தது. பிறகு தன் தாடையும் இளக ஆரம்பித்து, பற்களை மாற்றியாக வேண்டும் என்று வந்தபோது, திருமேனி எந்த அளவு என்று கேட்டார். மகளின் சிரிப்பு எந்த அளவுக்குப் பக்கத்தில் வரும் என்று யோசித்து, "ஏழு" என்றாள். அப்போதாவது இருவர் வாயும் ஒன்றுபோல் இருக்கட்டும் என்று.

கப்பல் வியாழக்கிழமை வந்தது.

பூமியிலிருந்து புதிதாக வருகிறவர்கள் பழைய பலத்திலேயே காலை ஊன்றி, விட்டத்தில் போய் முட்டிக்கொள்வார்கள். ரெனிஷாவும் வாசல்வழி நுழைந்து, தாயைக் கண்டு, ஓரடி வேகமாக எடுத்து வைத்தாள். அவ்வளவுதான், மேலே போய்விட்டாள். சுகிர்தா எட்டி அவள் சட்டைக் கையைப் பிடித்து மெல்லக் கீழே இழுத்தாள். இருபத்தொரு வருடத்துக்குப் பிறகு மகளை அவள் முதலில் தொட்டது அப்படித்தான், பட்டத்தை இறக்குவதைப் போல.

தரையில் நின்றதும் ரெனிஷா வெட்கப்பட்டுச் சிரித்தாள். மேல் உதட்டின் இடப்பக்கத்திலிருந்து ஒரு தெத்துப்பல் எட்டிப் பார்த்தது.

சுகிர்தாவின் கை சட்டையை விடவில்லை. வேறு யாரையோ பிடித்து இழுத்துவிட்டோமோ என்று ஒரு கணம் தோன்றியது. ரெனிஷாவும் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பார்வையிலும் ஏதோ பொருந்தாத குழப்பம். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு இத்தனை நரை கிடையாது, கண்ணுக்குக் கீழே இந்தச் சுருக்கங்களும் கிடையாது. இருவரும் கட்டிக்கொண்டார்கள். பழக்கமில்லாத இரண்டு பேர் கட்டிக்கொள்வதைப் போல, யார் முதலில் கையை எடுப்பது என்று தெரியாமல்.

பயணிகளுக்கு முதல்நாள் சாயங்காலம் ஓய்வு. சுகிர்தா மகளைத் தன் அறைக்கு அழைத்துப் போனாள். தொட்டியில் விளைந்த முருங்கைக்கீரையைப் பொரியல் செய்து வைத்திருந்தாள். அது எதில் விளைந்தது என்று சொல்லவில்லை. ரெனிஷா அப்பாவின் முழங்கால் வலியைச் சொன்னாள், தம்பியின் படிப்பைச் சொன்னாள், செவ்வாயில் தான் பார்க்கப்போகும் பனி உருக்கும் நிலையத்தைப் பற்றிச் சொன்னாள். திரும்பி வர இடமில்லாத வேலை. ஏன் அதற்குக் கையெழுத்துப் போட்டாய் என்று சுகிர்தா கேட்டதற்கு, நல்ல வேலைதான் என்றாள். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, நிலாவில் நின்று போகிறது செவ்வாய்க் கப்பல் மட்டும்தானே என்றாள். சுகிர்தா அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் கீரையை வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து ரெனிஷாதான் கேட்டாள்.

"நீங்க எப்பம்மா பல்ல நேராக்குனிய?"

"பதினோரு வருஷம் ஆச்சு மக்ளே."

"இல்லையே. நான் சின்னதுல இருந்தே உங்க பல்ல நேராத்தானே பாத்துட்டு வாறேன். உனக்க அம்மைக்கும் இதே தெத்துப்பல்லுதான்னு அப்பா சொல்லுவாரு. ஞாயித்துக்கிழமை பாத்தா உங்களுக்கு அது இருக்காது. நிலாவுக்குப் போன உடனே எடுத்துப் போட்டுட்டியன்னு நினைச்சேன்." சற்று நிறுத்தினாள். "பள்ளிக்கூடத்துல எல்லாரும் கேலி பண்ணுவாங்க. எத்தன தடவ கம்பி கட்டக் கூப்பிட்டாங்க தெரியுமா? நான் போகல்ல. நீங்க விட்டுட்டுப் போனத நான் வச்சுக்கிடுதேன்னு ஒரு வீம்பு."

சுகிர்தா எழுந்து மகளின் முகவாயைப் பிடித்து விளக்கின் பக்கம் திருப்பினாள். அந்தப் பல்லில் கம்பி கட்டிய தடம் எதுவுமில்லை. முளைத்த நாளிலிருந்து அது அங்கேயேதான் நிற்கிறது.

"நான் உனக்க பல்ல ஒரு நாளும் இப்பிடிப் பாக்கல்ல மக்ளே" என்றாள்.

இருவரும் ஒரே நேரத்தில் சுவரில் மாட்டியிருந்த திரையைப் பார்த்தார்கள்.

அந்தத் திரைச் சேவையின் ஒப்பந்தத்தைத் தேடி எடுக்க அரைமணி நேரமாயிற்று. அறுபத்தொரு பக்கம். நாற்பத்து நாலாம் பக்கத்தின் அடியில் இருந்தது. சேவையின் பெயர் முகச்சீர். உரையாடுவோரின் மகிழ்ச்சியைக் கருதி, பத்து வயது நிரம்பியவர்களின் முகங்கள் சீர்செய்து காட்டப்படும். இரு முனைகளில் ஏதேனும் ஒன்று சம்மதித்திருந்தாலும் இரண்டு முகங்களுக்கும் அது பொருந்தும். வேண்டாதவர்கள் இங்கே தெரிவிக்கலாம். கீழே ஒரு சின்னக் கட்டம். அதற்கும் கீழே சுகிர்தா சம்மதம் தெரிவித்த நாளும் நேரமும்.

அந்த நாளை அவள் மறக்கவில்லை. இங்கே வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பக்கம் குழந்தை அழுகிற சத்தம் கேட்கிறது, முகம் தெரியவில்லை. திரையை மறைத்துக்கொண்டு எழுத்தும் எழுத்துமாக என்னவோ வந்து நின்றது. அடியில் "படித்துவிட்டேன், சம்மதம்" என்று இருந்தது. அதை அழுத்தினால் பிள்ளையின் முகம் தெரியும். அழுத்தினாள். அதே விநாடியில் நாகர்கோவிலில் ஜெயசிங்கும் அழுத்தியிருப்பான்.

ரெனிஷா சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் வேறாகிவிட்டது. சுகிர்தா அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். இந்தத் தடவை யார் கையை முதலில் எடுப்பது என்ற கேள்வி எழவில்லை. தூங்கப் போகும் முன், அந்தச் சின்னக் கட்டத்தில் மறுப்பைத் தெரிவித்தார்கள். இனிமேல் எது வந்தாலும் படித்துவிட்டுத்தான் அழுத்துவது என்று இருவரும் முடிவு செய்துகொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை ரெனிஷாவின் முறை வந்தது. மற்ற எட்டுப் பேரும் முடிந்திருந்தார்கள். சுகிர்தா அவளைக் கடைசியாக வைத்திருந்தாள். வெண்சரிவில் வேறு பல் மருத்துவர் இல்லை. நாற்காலியைச் சாய்த்தாள், வாய்வரைவு எடுத்தாள். திரையில் இருபத்தெட்டுப் பற்களும் நீல நிறத்தில் சுழன்றன. இடப்பக்கக் கோரைப்பல் தன் இடத்தில் தெத்திக்கொண்டு நின்றது. அதற்கும் பக்கத்துப் பல்லுக்கும் நடுவே ஒரு நூலிடைவெளி.

சுகிர்தா திருமேனியைப் பார்த்தாள். அவர் அச்சுலையைத் துடைக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். அதை அவர் காலையிலேயே துடைத்திருந்தார்.

அவள் குனிந்து மகளின் காதோரம் பேசினாள். மற்றதெல்லாம் அளவு ஏழில் போகட்டும், இந்த ஒரு பல்லை மட்டும் இருக்கிற மாதிரியே அச்சடித்து வைத்துவிடுகிறேன், யாருக்கும் தெரியப்போவதில்லை என்றாள். இருபத்தொரு வருடத்தில் அவள் மீற நினைத்த முதல் விதி அது.

ரெனிஷா அவளையே பார்த்தாள்.

"டாக்டரா இருந்து சொல்லுங்க. வச்சா ஆபத்தா?"

சுகிர்தா திரையில் சுழலும் பல்லைப் பார்த்தாள். அந்த நூலிடைவெளியில் ஒரு பருக்கை நுழையும். எட்டு மாதப் பயணம். மூன்றாம் பயணத்து வழிகாட்டியின் வாய்வரைவு அவள் பாடப் பயிற்சிக்கென்று வைத்திருக்கும் கோப்பில் இருக்கிறது. அதிலும் ஒரு கோரைப்பல் இப்படித்தான் நிற்கும். பீங்கான் சொத்தையாகாதுதான். ஆனால் ஈறு பீங்கான் இல்லையே.

"ஆபத்துதான் மக்ளே" என்றாள்.

"அப்ப நேராவே வையுங்க. உங்களுக்கு இருக்கதே எனக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டு ரெனிஷா மறுபடி சொன்னாள்: "இத நீங்க உங்க வாயில வச்சுக்கிடுங்கம்மா. உங்களுக்குத்தான் பக்கத்துலயே டாக்டர் இருக்காங்களே. நான் அங்க இருந்து பாக்கும்போது நம்ம ரெண்டு பேரையும் சேத்துப் பாத்துக்கிடுவேன்."

மரத்துப்போகும் ஊசி போட்டதும் ரெனிஷாவின் பேச்சுக் குழறியது. பிறகு நின்றது. சுகிர்தா கடைவாய்ப்பற்களிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொன்றாகத் தட்டில் விழுந்தது. நிலாவில் எதுவும் மெல்லத்தான் விழும். தெத்துப்பல்லைக் கடைசியாக எடுத்தாள். நீண்ட வேர், விட மனமில்லாமல் வந்தது. ஆயிரக்கணக்கானவர்களிடம் "எல்லாம் வெறும் சுண்ணாம்புதானே" என்று அவள் ஆறுதல் சொல்லியிருக்கிறாள். அன்று அவளுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. பொடிக்கிற வேலை திங்கட்கிழமைக்கு இருக்கட்டும் என்று மட்டும் திருமேனியிடம் சொன்னாள். அவர் ஏன் என்று கேட்காமல் தட்டை மூடி உள்ளே வைத்தார்.

சாயங்காலம் புதுப் பற்களைப் பொருத்தினாள். அளவு ஏழு. மிகக் கச்சிதமாக அமைந்தது. தாய்க்கும் மகளுக்கும் ஒரே தாடை அல்லவா.

சனிக்கிழமை முழுக்கக் கஞ்சி. ரெனிஷாவால் அதிகம் பேச முடியவில்லை, எழுதிக் காட்டினாள். சுகிர்தா பதிலுக்குத் தானும் எழுதினாள், பேச முடியாது என்பதற்காக அல்ல, வேறு எதுவும் தோன்றாததால். மகளின் தலையை மடியில் வைத்து எண்ணெய் தேய்த்துவிட்டாள். ஐந்து வயதுக்குப் பிறகு தேய்க்காத எண்ணெய். ஞாயிற்றுக்கிழமை காலையில் கப்பல் கிளம்பியது. அந்த ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரப் பேச்சு இல்லை. இனி எந்த ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. கப்பல் தூரப் போகப்போகக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே நிமிடங்கள் விழும். இனிமேல் பேசிப் பதிந்து அனுப்புவதுதான், கடிதம் போல.

அடுத்த வாரமே சுகிர்தா நாற்காலியில் தானே படுத்துக்கொண்டாள். திருமேனிக்குப் பல் வைக்க உரிமம் கிடையாது. கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அவள் சொல்லச் சொல்ல அவர் செய்தார். மகளின் வாய்வரைவிலிருந்து அச்சடித்த ஒரே ஒரு கோரைப்பல். அதற்கு இடம் கொடுக்கப் பக்கத்துப் பல்லைச் சற்றுத் தேய்க்க வேண்டியிருந்தது. வேர்க்கூட்டில் அவளுடைய உயிரணு, மேலே மகளுடைய வடிவம். முடிந்ததும் திருமேனி கண்ணாடியை நேராகப் பிடித்தார்.

"இப்பதான் டாக்டரம்மா, நான் வந்த புதுசுல பாத்த ஆளு மாதிரி இருக்கீங்க" என்றார்.

அவள் சிரித்துப் பார்த்தாள். தெத்துப்பல் எட்டிப் பார்த்தது. அது தன்னுடையதா ரெனிஷாவுடையதா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பல நாள் வேலைக்கு நடுவில் நாக்கு நுனியால் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கப்பலின் அலைவாங்கி நிலாவைப் பார்த்துத் திரும்புவது பத்து நாளைக்கு ஒருமுறை. தனியாட்களின் செய்திக்கு அதில் பன்னிரண்டு நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். முப்பதாம் நாள் கிடைத்த பன்னிரண்டு நிமிடத்தில் அவள் ஒன்றும் பேசவில்லை. நன்றாகச் சிரித்துக் காட்டினாள், ஒருமுறை நேராக, ஒருமுறை இடப்பக்கம் திரும்பி. அனுப்பிவிட்டு அடுத்த பத்து நாளை எண்ணிக்கொண்டு திரிந்தாள்.

நாற்பதாம் நாள் ரெனிஷாவின் பதில் வந்தது. சுகிர்தா முதலில் தன் பக்கத்து முகச்சீர் அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். அணைந்துதான் இருந்தது. பிறகு செய்தியைத் திறந்தாள்.

திரையில் வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை முகம். பதினைந்து வருடம் இயந்திரம் அவளுக்குக் காட்டிய அதே நேரான வரிசை, அதே சிரிப்பு. அணைப்பதற்கும் நேராக்குவதற்கும் இனி அங்கே ஒன்றும் இல்லை. இயந்திரம் திரையில் மட்டும் செய்துகொண்டிருந்ததை அவள் தன் கையாலேயே செய்து முடித்து அனுப்பியிருந்தாள். அது சரியான காரியம். மருத்துவராக இன்னொரு முறை கேட்டாலும் அதையேதான் செய்வாள். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில், வாசலில் சட்டைக் கையைப் பிடித்து இறக்கிய அந்தப் பெண்ணை இரண்டே நாள்தான் பார்த்தோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

ரெனிஷா கப்பலில் கொடுக்கும் ரொட்டியைப் பற்றிச் சொன்னாள், புதுப் பல்லால் முதன்முதலாகக் கடித்ததைச் சொன்னாள். கடைசியில் கொஞ்சம் தயங்கினாள்.

"நீங்க அனுப்பினது வந்துச்சும்மா. பழைய பல்லேதானே இருக்கு. எனக்கதை வைக்கல்லியா? மனசு மாறிட்டுன்னா பரவால்ல. வேண்டாம்னா வேண்டாம். சும்மாதான் கேட்டேன்."

சுகிர்தாவுக்கு ஒரு விநாடி ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. கப்பலில் ஏறியதும் அங்கே புதுச் சேவை, புது ஒப்பந்தம். அம்மாவின் முதல் செய்தி வந்து காத்திருக்கிறது என்று திரை சொல்லியிருக்கும். அதைப் பார்க்க வேண்டுமானால் சம்மதம் சொல் என்றும் சொல்லியிருக்கும். இரு முனைகளில் ஒன்று சம்மதித்தால் போதும். எத்தனை பக்கம் இருந்ததோ, பாவம். பிள்ளை அவசரத்தில் அழுத்திவிட்டாள்.

பாதி அழுகையும் பாதிச் சிரிப்புமாக அவள் பதிலைப் பதிய உட்கார்ந்தாள். வைத்துவிட்டேன் மக்ளே, உன் பக்கத்து ஒப்பந்தத்தைத் தேடிப் பார், பல்லை மறைப்பது அதுதான் என்று சொல்ல வேண்டும். இந்தப் பத்து நாளும் தன்னை அம்மா வேண்டாமென்று சொல்லிவிட்டாள் என்று பிள்ளை நினைத்துக்கொண்டிருந்திருப்பாள். இன்னும் ஏழு நிமிடம் பாக்கி இருந்தது.

பதிவுப் பொத்தானை அழுத்தியதும் திரையை மறைத்துக்கொண்டு எழுத்துகள் வந்து நின்றன. கப்பல் நெடுந்தொலைவைத் தாண்டிவிட்டதால் இந்தச் செய்திப் போக்குவரத்து இன்றுமுதல் புதிய சேவைக்கு மாற்றப்படுகிறது. தொடர்வதற்கு முன் நிபந்தனைகளைப் படித்துப் பார்க்கவும். எண்பத்து மூன்று பக்கம்.

சுகிர்தா படிக்க ஆரம்பித்தாள். உண்மையாகவே ஆரம்பித்தாள். முதல் பக்கம் முழுக்கச் சொற்களுக்கான விளக்கம். இரண்டாம் பக்கமும் அதுதான். மூன்றாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் பதினோரு வரி ஓடியது. ஓரத்தில் கடிகாரம் ஆறு என்றது, பிறகு ஐந்து. இதைத் தவறவிட்டால் இன்னும் பத்து நாள். இன்னும் பத்து நாள் அந்தப் பிள்ளை, சும்மாதான் கேட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அங்கே மிதந்துகொண்டிருப்பாள். எழுத்துகளுக்குப் பின்னால், நிறுத்தி வைத்த படமாக ரெனிஷாவின் முகம் மங்கலாகத் தெரிந்தது. அடியில் கட்டம்: "படித்துவிட்டேன், சம்மதம்."

நான்கு நிமிடம் இருக்கும்போது அவள் அதை அழுத்தினாள்.

முகச்சீரைப் பற்றிச் சொல்லும் ஐம்பத்திரண்டாம் பக்கத்தைக் கப்பலில் ரெனிஷா படித்திருக்கவில்லை. இங்கே இவளும் படிக்கவில்லை. எழுத்துகள் விலகின, பதிவு விளக்கு எரிந்தது. ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்ல வந்தது அவசரத்தில் மறந்துபோக, சுகிர்தா திரைக்கு வெகு அருகில் போய், உதட்டை விரலால் விலக்கி, அந்தப் பல்லைத் தொட்டுக் காட்டியபடி, பாரு மக்ளே, இங்க இருக்கு பாரு, நல்லாப் பாரு என்று நேரம் தீரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

செய்தி கிளம்பியது. ஒன்றரை நிமிடத்தில் கப்பலைச் சேரும். திரை இருண்ட பிறகும் அவள் சிரிப்பை மூடவில்லை, மகள் இப்போது அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று.